உங்கள் தலையின் நிறத்தை யார் முடிவு செய்வது?

ஜூன் பிறந்தால் லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் சலூன்களில் ஒரே கேள்விதான். "அண்ணே, இந்தக் கலர எப்படிண்ணே எறக்குறது?" கோடை விடுமுறையில் நீலம், பச்சை, சிவப்பு, சாம்பல் என்று தலைக்குச் சாயம் ஏற்றிக்கொண்ட பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். அவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவனுக்கு நீலம் அலுத்துவிட்டது, அடுத்து ஊதாவுக்குப் போக வேண்டும். இன்னொருவனுக்குத் திங்கட்கிழமை பள்ளியோ பாலிடெக்னிக்கோ திறக்கிறது. அதற்குள் தலை கறுப்பாக வேண்டும், இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

வேதியியலுக்கு இரண்டும் ஒரே வேலை. முதலாமவன் விருப்பப்பட்டு இறக்குகிறான், இரண்டாமவன் பயந்து இறக்குகிறான். அந்த இரண்டாமவன் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம். நிறத்தை முடி பொசுங்காமல் எப்படி இறக்குவது என்பதையும் பின்னால் சொல்கிறேன். அது தெரியாமல் நம் பிள்ளைகள் தலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாயம் ஏற்றுவதும் இறக்குவதும் வேறு நிறத்துக்கு மாற்றுவதும் அந்தத் தலைக்குச் சொந்தக்காரரின் முடிவு. வேலைக்காக, தேர்வுக்காக, அம்மா சொன்னதற்காக இறக்கினாலும் அது அவர் யோசித்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும். கத்தரிக்கோலோடு நிற்பவரின் உத்தரவாக அது மாறும் இடத்தில் நாம் குறுக்கே நிற்க வேண்டும்.

கிராப்புக்குத் தடை, கிராப்புக்குக் கட்டாயம்

"முடி என்ன பெரிய விஷயம், இதற்கெல்லாமா அரசியல்?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். நம் தலைமுடியை ஆதிக்க சாதிகள் எப்போதுமே பெரிய விஷயமாகத்தான் பார்த்து வந்திருக்கின்றன.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதி அமைப்பைப் பற்றிய தன் நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது. இவற்றின் நடுவே ஒரு தடை: ஆதிதிராவிடர் யாரும் தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது.

கிராப்பு என்பது அன்றைய ஸ்டைல். பட்டாளத்துக்குப் போனவன், பட்டணத்தில் வேலை பார்த்தவன், நாலு எழுத்துப் படித்தவன் கிராப்போடு ஊருக்கு வந்தான். அந்தத் தலையைப் பார்த்து அவன் எந்தத் தெரு என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. தடையை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியமும் கால்நடையும் பறிபோயின என்றும் ஹட்டன் எழுதியிருக்கிறார்.

அன்று முடியை வெட்டாதே என்றார்கள். இன்று வெட்டு என்கிறார்கள். உத்தரவு தலைகீழாகிவிட்டது, உத்தரவு போடும் உரிமை தங்களுடையது என்ற நினைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

சலூன் நாற்காலியும் நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. ஊரில் முடிதிருத்துகிறவர் சேரிக்காரருக்குக் கத்தி எடுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு ஊர்களில் நெடுங்காலம் எழுதப்படாத சட்டம். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடைகளில் நுழைவதற்குச் சாதி தடையாக இருக்கக் கூடாது என்றது. 1955இல் வந்த தீண்டாமை ஒழிப்புச் சட்டம், இன்றைக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று அழைக்கப்படுவது, 'கடை' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது முடிதிருத்தகத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சட்டம் வந்த பிறகும் தீண்டாமை ஒழியவில்லை என்று நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர் நம் காட்டுமன்னார்கோயில் மண்ணின் எல். இளையபெருமாள். 1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி, 1969இல் அவர் கொடுத்த அறிக்கை இன்றும் படிக்க வேண்டிய ஆவணம்.

இன்று காலனிப் பையன் ஒருவன் லால்பேட்டைக் கடைத்தெருவில் ஏ.சி. சலூனில் உட்கார்ந்து, போனில் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வெட்டுங்கண்ணே" என்று கேட்பதன் பின்னால் இத்தனையும் இருக்கிறது. அவன் தாத்தாவுக்கு அந்த நாற்காலி கிடையாது. பிரஷ் பிடித்துச் சாயம் பூசும் அந்த அண்ணனும் சாதியால் இழிவுபடுத்தப்பட்ட தொழிலிலிருந்து வந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். நம் கோபம் அவர் பக்கம் திரும்பக் கூடாது.

நெருப்பில் இறங்கினால்தான் உள்ளே விடுவார்களா?

நந்தனார் கதையை இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆதனூரிலிருந்து தில்லைக்குப் போக ஏங்கியவர், திருநாளைப்போவார். பெரியபுராணத்தில் அவர் எப்படி உள்ளே போகிறார் என்பதைக் கவனியுங்கள். நெருப்பில் இறங்குகிறார். பழைய உடல் எரிகிறது. மார்பில் பூணூலும் தலையில் முனிவருக்குரிய சடைமுடியுமாக வெளியே வருகிறார். அதன் பிறகே கோயிலுக்குள் போகிறார். பக்தி அப்படியேதான் இருந்தது, மாற வேண்டியிருந்தது உடம்பும் முடியும்தான்.

1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் பள்ளி தொடங்கியபோது அந்த நந்தனாரின் பெயரையே வைத்தார். அங்கே நம் பிள்ளைகள் சேர நெருப்பில் இறங்க வேண்டியிருக்கவில்லை. எரித்து மாற்றியபின் உள்ளே விடுவது கோயில் கதை. பிள்ளை எந்தக் கோலத்தில் வந்தாலும் உள்ளே விட்டு, பிறகு சொல்லிக்கொடுப்பது பள்ளி. முடியைக் காரணம் காட்டி வாசலில் நிறுத்தும் ஆசிரியர்கள், தாங்கள் இந்த இரண்டில் எதை நடத்துகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

அதே நிறம், வேறு தலை

லால்பேட்டையில் பள்ளிவாசலுக்குப் போகும் பெரியவர்கள் பலரின் தாடி மருதாணி இட்டுச் செம்பட்டை நிறத்தில் இருக்கும். பார்த்ததும் சலாம் சொல்கிறோம். அந்த மரியாதை நியாயமானது. அதே நிறம் ஒரு காலனிப் பையனின் உச்சந்தலையில் இருந்தால்? பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, "எந்த ஊருடா, இங்க என்னடா வேல?" என்று விசாரணை தொடங்குகிறது. சினிமா நாயகனின் தலையில் அது கெட்டப். கிரிக்கெட் வீரரின் தலையில் அது ஃபேஷன். பணக்கார வீட்டுப் பிள்ளையின் தலையில், "இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான்." நம் பையனின் தலையில் மட்டும் அது குற்றத்தின் அறிகுறி.

அதற்கு ஒரு பெயரும் வைத்தாயிற்று: புள்ளிங்கோ. பிள்ளைங்க என்ற சொல்லின் வடசென்னைப் பேச்சு வடிவம். 2019 வாக்கில் கானா வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. பாடியவர்கள் தங்கள் கூட்டாளிகளைப் பாசமாக அழைக்க வைத்திருந்த சொல் அது. சில மாதங்களில் மீம் போடுகிறவர்கள் அதைக் கைப்பற்றினார்கள். சாயம் பூசிய முடி, ஒல்லி உடம்பு, கறுத்த முகம், மலிவு விலைச் சட்டை என்று ஒரு கேலிச்சித்திரம் உருவானது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வழக்கு வரும், 'புள்ளிங்கோ' என்றால் வராது. முகநூலில் முற்போக்கு பேசுகிறவர்கள்கூட இந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தினார்கள். அந்தக் கேலிச்சித்திரத்தில் வரும் உடம்பு யாருடையது என்று அவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்கும் முன்வரலாறு உண்டு. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகள் எரிக்கப்பட்டன. அதையடுத்த வாரங்களில் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். நம் பிள்ளைகள் கந்தலோடு நின்றால் பரிதாபப்படுவார்கள். நன்றாக உடுத்தி நின்றால் அதைச் சதி என்பார்கள். 1930இன் சட்டைத் தடைக்கும் 2012இன் ஜீன்ஸ் பேச்சுக்கும் இடையே இருப்பது ஒரே எரிச்சல். அந்த எரிச்சல் இன்று கொஞ்சம் மேலேறித் தலைமுடியில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கையில் கட்டிய நிறமும் தலையில் பூசிய நிறமும்

பள்ளிக்கூடங்களில் நிறப் பிரச்சினை உண்மையாகவே உண்டு. அது கையில் இருக்கிறது. எந்தச் சாதிக்கு எந்த நிறக் கயிறு என்று தென்மாவட்ட மாணவர்களுக்கு ஆறாம் வகுப்பிலேயே தெரியும். 2019இல் அந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியது. தனக்குத் தெரியாமல் அனுப்பப்பட்டது, பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் செங்கோட்டையன் பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் அவருடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளிக்குள் வேண்டாம் என்றது. உடனே அதற்கும் எதிர்ப்பு.

ஒப்பிட்டுப் பாருங்கள். சாதியை அறிவிக்கும், அரிவாள் வரைக்கும் கொண்டுபோகும் நிறத்தைக் கையிலிருந்து கழற்றச் சொல்ல ஒரு குழு, ஓர் அறிக்கை, சட்டமன்ற விவாதம் எல்லாம் தேவைப்படுகின்றன. யாரையும் எதுவும் செய்யாத நிறத்தைத் தலையிலிருந்து எடுக்க ஒரு கத்தரிக்கோல் போதும். முடிதிருத்துநரைப் பள்ளிக்கே வரவழைத்து, மாணவர்களை வரிசையில் நிறுத்தி வெட்டும் படங்களைச் செய்தித்தாள்கள் பாராட்டோடு வெளியிடுகின்றன. 'இப்படி வெட்டாதீர்கள், கலர் அடிக்காதீர்கள்' என்று சலூன்களுக்குக் கடிதம் எழுதிய தலைமையாசிரியர்கள் உண்டு. கயிற்றை அவிழ்க்க வரிசை நின்ற படத்தை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

ஒழுங்கு வேண்டும் என்ற ஆசிரியர்கள் எல்லோரையும் சாதியவாதி என்று நான் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளைச் சமாளிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியரின் சிரமம் தெரியும். அவர்களிடம் என் கேள்வி இதுதான்: தவறு செய்த பையனைத் திருத்த அவன் நடத்தையைப் பற்றிப் பேச வேண்டுமா, முடியைப் பற்றியா? பெண் பிள்ளைகளைக் கிண்டல் செய்கிறவன் கறுப்பு முடியோடும் செய்கிறான். வகுப்பில் நன்றாகப் படிக்கிறவன் நீல முடியோடும் படிக்கிறான்.

உலகத்தில் நாம் தனியாக இல்லை

ஜப்பானில் ஒசாகாவில் அரசு உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருவருக்கு இயற்கையாகவே பழுப்பு முடி. அதைக் கறுப்புச் சாயம் பூசி வரச் சொல்லிப் பள்ளி திரும்பத் திரும்பக் கட்டாயப்படுத்தியது. 2017இல் வழக்குப் போட்டார். 2021இல் நீதிமன்றம் முடி விதி செல்லும் என்று சொல்லிவிட்டு, பள்ளி அவரை நடத்திய விதத்துக்காக 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவிகளின் சுருட்டை முடியை 'ஒழுங்காக' வைக்கச் சொன்னதை எதிர்த்து 2016 ஆகஸ்டில் மாணவிகளே ஊர்வலம் போனார்கள். விசாரணைக்கு உத்தரவானது. அமெரிக்காவில் இன அடையாளமான முடி அமைப்புகளுக்காகப் பள்ளியிலும் வேலையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா 2019இல் சட்டம் இயற்றியது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

குஜராத்தில் 2017இல் லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டபோது, அந்த மாநில இளைஞர்கள் வாட்ஸப் முகப்புப் படத்தில் முறுக்கு மீசையையும் கிரீடத்தையும் 'மிஸ்டர் தலித்' என்ற பெயரையும் வைத்துப் பதில் சொன்னார்கள். இந்தப் போராட்டங்கள் எல்லாம் முடியிலிருந்துதான் தொடங்கின.

அம்பேத்கர் கோட்டு போட்டாரே?

நம் பெரியவர்களிடமிருந்து வரும் எதிர்வாதம் இது. "பாபாசாகேப் எப்படி இருந்தார்? கோட்டு, டை, வாரிய தலை. நீங்கள் தலையில் பெயின்ட் அடித்துக்கொண்டு அவர் படத்தைத் தூக்குகிறீர்களே?" இந்தக் கவலையில் பாசம் இருக்கிறது. தன் பிள்ளை போலீஸ் கண்ணில் படக் கூடாது என்ற பயமும் இருக்கிறது. அதைக் கேலி செய்யாதீர்கள்.

அதே சமயம் பதிலும் சொல்லுங்கள். 1927 டிசம்பரில் மகத்தில் திரண்ட பெண்களிடம் அம்பேத்கர், தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கும் விதத்தில் சேலை கட்டுவதையும் அந்த வகை நகைகளையும் விடச் சொன்னார். சாதி நமக்கு ஒதுக்கிக் கொடுத்த தோற்றத்தை நாமே கழற்ற வேண்டும் என்பது அதன் பொருள். அவருடைய கோட்டு, 'உனக்கு இடுப்புக்கு மேல் துணி கூடாது' என்ற சமூகத்துக்கு அவர் கொடுத்த பதில். நமக்கு அவர் விட்டுப்போனது எப்படி உடுத்துவது என்ற விதி இல்லை. எப்படி உடுத்துவது என்பதை நாமே முடிவு செய்யலாம் என்ற துணிவு.

பையன்களுக்கும் ஒரு வார்த்தை. நிறம் உங்கள் உரிமை என்றால், வீட்டில் தங்கை முடியை வெட்டிக்கொண்டாலும் கலர் அடித்துக்கொண்டாலும் அது அவள் உரிமை. தெருவில் தலையை நிமிர்த்திவிட்டு வீட்டுக்குள் கத்தரிக்கோல் பிடிக்கும் அண்ணனுக்கு இந்தப் பதிவில் ஆதரவு கிடையாது. பைக்கில் கூச்சல் போட்டுப் பெண்களை மிரட்டுவதையும் 'கெத்து' என்ற பெயரில் நியாயப்படுத்த முடியாது.

சரி, எப்படி இறக்குவது?

சலூனில் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கறுப்பு முடியில் நீலமோ இளஞ்சிவப்போ நேராக ஏறித் தெரியாது. முதலில் ப்ளீச் பொடியை டெவலப்பரில் குழைத்துப் பூசி, முடியின் சொந்த நிறமியை அழித்து மஞ்சளாக்குவார்கள். அதன்மேல்தான் பளிச்சென்ற சாயம். டெவலப்பர் என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு: 20 வால்யூம் என்றால் 6 சதவீதம், 30 என்றால் 9, 40 என்றால் 12. பளிச்சென்ற நிறங்கள் பெரும்பாலும் முடியில் தற்காலிகமாக ஒட்டியிருப்பவை, கழுவக் கழுவ வெளுக்கும். அடியில் இருக்கும் மஞ்சள் கழுவினால் போகாது, முடி வளர்ந்து வெட்டப்படும்போதுதான் போகும். ஆகவே நீங்கள் இறக்கப்போவது மேல் நிறத்தை மட்டும்.

அதற்கு முதல் மருந்து பொறுமை. பொடுகுக்கான ஷாம்பு போட்டு, வெதுவெதுப்பான நீரில், ஒருநாள் விட்டு ஒருநாள் அலசினால் இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலான நிறங்கள் கணிசமாக வெளுக்கும். அவசரம் என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் வைட்டமின் சி மாத்திரைகள் சிலவற்றைப் பொடித்து ஷாம்புவில் குழைத்து, ஈர முடியில் பூசி, அரை மணி நேரம் விட்டு அலசலாம். உச்சந்தலையில் புண், எரிச்சல் இருந்தால் வேண்டாம். முடி வறண்டு போகும், அதனால் பிறகு கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ கட்டாயம். நீலமும் பச்சையும் சீக்கிரம் போகாது, கறை தங்கும். நீலம் வெளுக்கும்போது அடியிலிருக்கும் மஞ்சளோடு சேர்ந்து பச்சையாகத் தெரியும். பயப்படாதீர்கள், கெட்டுப்போகவில்லை.

துணி சோடா, பாத்திரம் துலக்கும் பவுடர், தரை கழுவும் ப்ளீச்சிங் பவுடர் எதையும் தலையில் வைக்காதீர்கள். ஏற்கெனவே ப்ளீச் பட்ட முடியில் அதே வாரம் மறுபடி ப்ளீச் போட்டால் முடி ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துவிடும். 40 வால்யூமை உச்சந்தலையில் பட வைத்தால் தோல் வெந்துபோகலாம்.

அடுத்த நிறத்தைப் புத்தியோடு தேர்ந்தெடுத்தால் முழுதாக இறக்கவே தேவையில்லை. நீலத்திலிருந்து ஊதாவுக்கும், இளஞ்சிவப்பிலிருந்து சிவப்புக்கும், சிவப்பிலிருந்து செம்பு நிறத்துக்கும் சுலபமாகப் போகலாம். எதிர் நிறங்கள் சேர்ந்தால் சேற்று நிறம்தான் வரும்: பச்சைமேல் சிவப்பு, நீலத்தின்மேல் ஆரஞ்சு, மஞ்சள்மேல் ஊதா. இதில் ஒரு நன்மையும் உண்டு. கறுப்பு வேண்டாம், பார்க்க இயல்பான பழுப்பு போதும் என்றால் இந்தக் கலப்பைப் பயன்படுத்தித் தேர்ந்த கைக்காரர் பழுப்பைக் கொண்டுவந்துவிடுவார்.

பெரும்பாலானவர்கள் அவசரத்தில் செய்வது, ஞாயிறு இரவு கறுப்பு டை பாக்கெட் வாங்கி அப்பிக்கொள்வது. இரண்டு விஷயம் தெரிந்து செய்யுங்கள். அந்த டைகள் பலவற்றில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனம் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும், முகமும் கண்ணும் வீங்கிவிடும். இரண்டு நாள் முன்னதாகக் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பார்க்க வேண்டும். வீக்கம் வந்தால் கைவைத்தியம் வேண்டாம், அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரண்டாவது, நிரந்தரக் கறுப்பு சுலபத்தில் இறங்காது. அடுத்த விடுமுறையில் வேறு நிறம் வேண்டுமென்றால் மறுபடி ப்ளீச், மறுபடி சேதம். பயத்தில் பூசிய கறுப்புதான் எல்லாவற்றையும்விடக் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது.

முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு செ.மீ. வளரும். குட்டை முடிக்காரர்களுக்கு மூன்று நான்கு மாதமும் இரண்டு கட்டிங்கும் போதும், ரசாயனமே தேவையில்லை. காவலர் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு, கேம்பஸ் இன்டர்வியூ என்று நாள் தெரிந்தால் முன்கூட்டியே கணக்குப் போட்டு இறக்கிவிடுங்கள். அதில் தலைகுனிவு எதுவும் இல்லை. நம் ஆட்கள் அந்த நாற்காலிகளில் போய் உட்கார வேண்டும்.

கத்தரிக்கோல் வந்தால்

முடி விதி வைத்துக்கொள்ளப் பள்ளிக்கு அதிகாரம் உண்டு. வலுக்கட்டாயமாக வெட்ட அதிகாரம் கிடையாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் படியுங்கள். பிரிவு 3(1)(இ): பட்டியல் சாதி, பழங்குடியினரை வலுக்கட்டாயமாக மொட்டையடிப்பது, மீசையை எடுப்பது, இவை போன்று மனித மாண்பைக் குலைக்கும் செயல்கள் குற்றம். சட்டம் இயற்றியவர்கள் மொட்டையையும் மீசையையும் பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது என்றால் நாட்டில் எவ்வளவு நடந்திருக்கும்? 2020 ஜூலையில் ஆந்திராவின் சீதாநகரம் காவல் நிலையத்தில் ஒரு தலித் இளைஞருக்கு மொட்டையடித்தார்கள். அந்த எஸ்.ஐ. இடைநீக்கம் செய்யப்பட்டுக் கைதானார். ஒவ்வொரு பள்ளிக் கத்தரிப்பும் இந்தப் பிரிவுக்குள் வந்துவிடாது, செய்தவர் யார், எப்படி, எந்தச் சூழலில் என்பதைப் பொறுத்தது. வழக்கறிஞரைக் கேளுங்கள். கேட்கும் முன் படம் எடுங்கள், தேதியும் நேரமும் சாட்சிகளும் எழுதிவையுங்கள், பெற்றோர் கையெழுத்தோடு புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். குழந்தைகளுக்கு 1098. வன்கொடுமைப் புகாருக்கு 14566. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையமும் உண்டு.

இதைவிட முக்கியமான வேலை ஒன்று, இந்த ஜூனிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. நம் அம்மாக்கள் அந்தக் கூட்டத்துக்குப் போகட்டும். மூன்று கோரிக்கை வையுங்கள். முடி பற்றி விதி இருந்தால் எழுத்தில் இருக்க வேண்டும், எல்லா மாணவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மாற்றிக்கொள்ள மூன்று வாரமாவது அவகாசம் தர வேண்டும், சாயம் இறங்க அவ்வளவு நாள் ஆகும். முடிக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்புக்கும் தேர்வுக்கும் வெளியே நிறுத்தக் கூடாது, யாரும் அவர்கள் தலையில் கைவைக்கக் கூடாது.

நீலம் வெளுத்துவிடும், ஊதாவும் வெளுத்துவிடும். முப்பது வயதில் பழைய படங்களைப் பார்த்து நீங்களே சிரிப்பீர்கள். வகுப்பறைக்கு முன்னால் நிறுத்தி அடுத்தவர் வெட்டிய முடியின் நினைவு அப்படி வெளுக்காது, பல பிள்ளைகள் அதோடு பள்ளிக்கூடத்தையே விட்டுவிடுகிறார்கள். அந்தப் படிப்பைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஜெய் பீம்.